கறுப்புப் பெட்டி இல்லாமல் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கார்ட்டூன் காட்டுவது எப்படி

போன தீபாவளிக்குச் சிங்கப்பூரில் பொங்கோலில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் சமையலறைப் பக்கம், பிள்ளைகள் ஹாலில். முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு நான் ஹாலுக்கு வந்தபோது டிவியில் ஒரு சுண்டெலி கத்திக்கொண்டிருந்தது. அது என் குரல். நான்கு வருடத்துக்கு முன்னால் நான் தமிழ் வசனம் எழுதி, அந்தச் சுண்டெலிக்கு நானே குரலும் கொடுத்த தொடர். படத்தின் அடியில் ஒரு சூதாட்டத் தளத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மேல்மூலையில் யாரோ ஒருவருடைய டெலிகிராம் சேனல் பெயர். தொடக்கநிலை இரண்டில் படிக்கும் தோழியின் மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "ஆன்ட்டி, இது ரொம்ப நல்லாருக்கும். ஆனா சீசன் டூ மட்டும் தமிழ்ல வரவே மாட்டேங்குது" என்றாள்.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். தமிழில் பார்த்தவர்கள் எண்ணிக்கை போதவில்லை, அடுத்த சீசனுக்குத் தமிழ் வேண்டாம் என்று உரிமை வாங்கியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு வந்தது இரண்டு வரி மின்னஞ்சல். அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அந்த எண்ணிக்கையில் இல்லை. முதல் சீசனை மூன்று தடவை பார்த்திருக்கிறார்கள், வசனம்கூட மனப்பாடம். ஆனால் அவர்கள் பார்த்தது டிவியோடு இணைத்திருந்த கறுப்புப் பெட்டியில், திருட்டுப் பிரதிகளைக் காட்டும் பெட்டி அது. அந்தப் பெட்டியில் பார்த்தது யாருடைய கணக்கிலும் ஏறாது.

நல்ல நாளில் எதற்கு என்று அன்றைக்குப் பேசவில்லை. ஒரு வாரம் கழித்துத் தோழியிடம் போனில் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "சரி அக்கா, பெட்டியை எடுத்துடறேன். அப்புறம் பிள்ளைங்க தமிழ்ல எதைப் பார்க்கும்? எங்கே பார்க்கும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்னதையும், அதற்கு முன்னால் என் வீட்டிலேயே செய்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஆனால் பெட்டியில் கை வைப்பதற்கு முன்னால் தமிழ்க் குரல் எப்படிப் பிறக்கிறது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். தெரியாமல் பெட்டியைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். என் மாமனாரிடம் சட்டம் பேசியபோது காதிலேயே வாங்கவில்லை. வேலையைச் சொன்னதும் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

22 நிமிட எபிசோடு ஒன்று எங்களுக்கு வரும்போது படத்தோடு, வசனம் இல்லாமல் இசையும் ஓசைகளும் மட்டும் உள்ள ஒலித்தடம் ஒன்று வரும். எம் அண்ட் ஈ என்போம். கூடவே டைம்கோடு (எந்த வசனம் எந்த வினாடியில் என்ற குறிப்பு) போட்ட ஸ்கிரிப்ட். ஜப்பானியத் தொடராக இருந்தாலும் கைக்கு வருவது பெரும்பாலும் ஆங்கில ஸ்கிரிப்ட்தான். அதை அப்படியே தமிழாக்கினால் பொருள் வரும், வாயில் உட்காராது. ஒரு பையன் நண்பனைப் பார்த்து "அபுனாய்!" என்று கத்துகிறான். ஆபத்து, கவனம் என்று பொருள். அவன் வாயைப் பாருங்கள்: முதலில் திறக்கிறது, 'பு' வரும்போது உதடு ஒட்டுகிறது, மறுபடி விரிகிறது. "ஜாக்கிரதை" என்று எழுதினால் உதடு ஒட்டும் இடத்தில் ஒட்டுகிற எழுத்தே கிடையாது. "ஆபத்து" உதட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் ஏழு வயதுப் பையன் எவனும் "ஆபத்து" என்று கத்த மாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு நாலைந்து சொல்லை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் "ஏ, பாத்து!" உட்கார்ந்தது. ஒரு சொல்லுக்கு இருபது நிமிடம். ஒரு எபிசோடில் இப்படி முந்நூறு வரி வரும்.

அதன்பிறகு குரல் தேர்வு. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு மூன்று பேர் பேசி அனுப்புவோம், மேலே இருப்பவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து பேசுவார்கள், எதிரில் பேச ஆள் இருக்காது. ஓடி வந்து மூச்சு வாங்குவது, தண்ணீர் குடிப்பது, தும்மல், விக்கல் எல்லாம் தனியாகப் பதிவாகும். சந்தைக் கூட்டத்தின் இரைச்சலை ஐந்து பேர் நின்று உண்டாக்குவோம். பிறகு மிக்சிங், சரிபார்ப்பு. சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் இந்த வேலையை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கேதான் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக நடந்தேன். இப்போது உட்லண்ட்ஸில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஸ்டோர் ரூமில் கம்பளம் ஒட்டி வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறேன்.

இந்தச் செலவு முழுவதும் மொழிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒதுக்குகிற பணத்திலிருந்து வருகிறது. ஒதுக்குகிறவர்கள் பார்ப்பது போன தடவை அந்த மொழியில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைத்தான். தமிழில் ஓட்டம் குறைந்தால் ஒன்று, தமிழே வராது. அல்லது பாதிப் பணத்தில் வரும். பாதிப் பணத்தில் வருவது எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: இயந்திரம் மொழிபெயர்த்த வசனம், ஒரே ஆள் ஐந்து பாத்திரத்துக்குப் பேசுவது, ஒரே டேக், இப்போது கணினிக் குரலும் சேர்ந்துகொண்டது. அதைக் கேட்டுவிட்டு "தமிழ் டப்பிங் மட்டமா இருக்கு" என்று ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவோம். அடுத்த தடவை தமிழுக்கு இன்னும் குறைவாக ஒதுக்குவார்கள். அனிமேஷன் செய்கிற பெரிய ஸ்டூடியோக்களுக்கும் அடி பெரிதுதான். 2022இல் மட்டும் இணையத் திருட்டால் ஜப்பானியப் படைப்புகளுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கோடி யென் இழப்பு என்று அந்நாட்டின் திருட்டு எதிர்ப்பு அமைப்பான கோடா மதிப்பிட்டது. ஆனால் அவர்களுக்கு வேறு சந்தைகள் இருக்கின்றன, பொம்மை, சட்டை விற்பனை இருக்கிறது. தமிழ்க் குரலுக்கு வேறு சந்தை கிடையாது. முதலில் வெட்டுப்படுவது சிறிய மொழியின் தடம்தான்.

இன்னொரு அடி வெளியே தெரியாது. டப்பிங் செய்யும் இடத்துக்குப் படம் வெளியாவதற்கு முன்பே வந்துவிடும். 2024 ஆகஸ்டில் உலகம் முழுக்க மொழியாக்க வேலை செய்யும் இயுனோ நிறுவனத்தின் பாதுகாப்பு உடைபட்டு, வெளிவராத அனிமேஷன் தொடர்கள் இணையத்தில் கசிந்தன. இந்தப் பயத்தால் சில பெரிய படங்களுக்குத் திரையை முழுக்கக் கறுப்பாக்கி, பேசுகிற வாய் மட்டும் தெரியும்படி அனுப்புவார்கள். எனக்கும் ஒரு முறை அப்படி வந்தது. கறுப்பில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வாய். கண் தெரியவில்லை, எதிரே யார் நிற்கிறார் என்று தெரியவில்லை. சிரிப்பு என்று நினைத்துப் பேசிய ஒரு வரி, வெளியான பிறகு பார்த்தால் அழுகைக்கு முந்தின வரி. அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

சரி, இனி செய்ய வேண்டியது. முதலில் வீட்டில் இருக்கும் பெட்டி எந்த வகை என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு பெட்டி என்பதாலேயே அது தப்பான பெட்டி ஆகிவிடாது. உள்ளே என்ன செயலி இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஒரே தடவை ஒரு தொகை கட்டினால் உலகத்தில் உள்ள எல்லா சேனலும், திரையரங்கில் ஓடும் படமும் வரும் என்று விற்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். செயலி அதிகாரபூர்வக் கடையில் கிடைக்காமல், கடைக்காரரே ஏற்றிக் கொடுத்திருந்தாலும் அதே. படத்தில் சூதாட்ட விளம்பரம் ஒட்டியிருப்பது, மூலையில் டெலிகிராம் பெயர் இருப்பது, கடைசியில் பெயர்ப் பட்டியல் வெட்டப்பட்டிருப்பது எல்லாம் திருட்டுப் பிரதியின் தடயங்கள். ஜி, பிஜி என்று வயதுக் குறியீடும் இருக்காது. கார்ட்டூனுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் பார்க்கக் கூடாத படம் வரிசையில் நிற்கும். தோழிக்கு எல்லாவற்றையும் விட இதுதான் உறைத்தது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட பெட்டியை வணிகமாக விற்பவருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் போலிஸ் சோதனை நடத்தி 17 பேரைக் கைது செய்து 2,500க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்தது. "எல்லாக் கடையிலும் விற்கிறான், அப்ப சரியாத்தானே இருக்கும்" என்று சொல்லும் பெரியவர்களிடம் இதைச் சொல்லலாம்.

இரண்டாவது வேலை, ஒரு வாரம் எழுதி வையுங்கள். பெட்டியைத் திறந்து வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். ஆயிரம் சேனல் இருக்கிறது என்று வாங்கிய பெட்டியில் எங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் பார்த்தது ஆறே ஆறு. மாமாவுக்குச் செய்தியும் ஒரு சீரியலும், மகனுக்கு மூன்று கார்ட்டூன், எனக்கு ஒரு சமையல் நிகழ்ச்சி. அந்த ஆறுக்கு நேர்வழி தேடினால் போதும், ஆயிரத்துக்குத் தேட வேண்டியதில்லை. இந்தத் தாளை எழுதாமல் தளங்களுக்குச் சந்தா கட்டப் போனால் மூன்று நான்கு கட்டிவிட்டு மாதக் கடைசியில் விழிப்போம்.

தேடும்போது இலவசத்தில் தொடங்குங்கள். மீவாட்ச் தளத்தில் சிங்கப்பூரின் தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தத்தின் நிகழ்ச்சிகள் கிடைக்கும், பிள்ளைகளுக்கானவையும் உண்டு, கணக்குத் திறக்கக் காசு இல்லை. அடுத்து யூடியூபில் அந்தந்த நிறுவனம் தானே நடத்தும் தமிழ்ச் சேனல்கள். இங்கேதான் கவனம். தொடரின் பெயரைத் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் யாரோ ஏற்றியது. படத்தைச் சிறிதாக்கி ஒரு சட்டத்துக்குள் வைத்திருப்பார்கள், குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். தளம் கண்டுபிடிக்காமல் இருக்கச் செய்யும் வேலை அது. சேனல் பெயரைத் தட்டி உள்ளே போய், நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சேனலுக்கு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சரியான சேனலில் வரும் விளம்பரத்தின் பணத்தில் ஒரு பங்கு படைத்தவர்களுக்குப் போகும்.

இன்னும் பேச்சு வராத குழந்தையாக இருந்தால் மொழிக் கவலையே இல்லை. நம் சிங்கப்பூரில் உருவான ஆட்பாட்ஸ் மாதிரி, வசனமே இல்லாத அனிமேஷன்கள் இருக்கின்றன. அவற்றுக்கு டப்பிங் வேண்டாம் என்பதால் எந்த நாட்டுக்கும் சுலபமாகப் போகும்.

கட்டணத் தளம் ஏற்கெனவே இருந்தால், அதில் தமிழ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். இதைத்தான் நம் வீடுகளில் யாருமே செய்வதில்லை. தோழி வீட்டில் நெட்ஃபிளிக்ஸ் மூன்று வருடமாக இருந்தது. "அதுல தமிழ்ல கார்ட்டூன் கிடையாது அக்கா" என்றாள். கணினியில் திறக்கச் சொன்னேன். இணையத்தளத்தின் மேல்வரிசையில் 'பிரவுஸ் பை லேங்குவேஜஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் 'டப்பிங்', பக்கத்தில் 'தமிழ்' என்று தேர்ந்தெடுத்தால் தமிழ்க் குரல் உள்ளவை மட்டும் வரிசையாக வரும். வந்தது. அவள் மகள் ஏற்கெனவே ஆங்கிலத்தில் பார்த்து முடித்த ஒன்றும் அதில் இருந்தது. அடுத்து, பிள்ளையின் புரொஃபைல் அமைப்பில் விரும்பும் ஒலி, வசன மொழிப் பட்டியலில் தமிழைக் குறித்து வையுங்கள். படம் ஓடும்போது திரையில் பேச்சுக்குமிழ் மாதிரி ஒரு குறி இருக்கும், அதைத் தட்டினால் ஒலி மொழிகள் வரும். ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டு நடுவில் மாற்றாமல், முதல் நிமிடத்திலேயே தமிழுக்கு மாற்றுங்கள். எந்த மொழித் தடம் எவ்வளவு நேரம் ஓடியது என்பது தளத்துக்குத் தெரியும். நாங்கள் பேசிய தடத்துக்கு அந்த நிமிடங்கள்தான் சாட்சி.

அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பிடித்த வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் கிரஞ்ச்சிரோல் என்ற அனிமே தளத்தின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அங்கே சில தொடர்களுக்குத் தமிழ் டப்பிங் செய்கிறார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழில் அனிமே வரும் என்று பத்து வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

முடிந்ததும் அடுத்த எபிசோடுக்குத் தாவாமல் பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் ஓட விடுங்கள். சில தளங்களில் கடைசியாகத் தமிழ்க் குரல் கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை வரும். நடித்தவர், படைத்தவர் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற உரிமையும் இங்கே அதே 2021 சட்டத்தில் இருக்கிறது. என் மகன் இப்போது அந்தப் பலகையை உரக்கப் படிக்கிறான். சில பெயர்களை எனக்கு நேரில் தெரியும். இருபது வருடமாகப் பேசுகிறவர்கள், முகம் யாருக்கும் தெரியாது.

இனி கசப்பான பகுதி. நீங்கள் தேடும் தமிழ் டப்பிங் சிங்கப்பூரில் நேர்வழியில் கிடைக்காமலே போகலாம். உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுகிறது. இந்தியாவில் ஒரு தளத்தில் தமிழ்க் குரலோடு இருப்பது, இங்கே அதே தளத்தில் தமிழ் இல்லாமல் இருக்கும், அல்லது படமே இருக்காது. நான் குரல் கொடுத்ததை நானே இங்கே பார்க்க முடியாமல் போனது உண்டு. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் பெட்டிக்குப் போகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை, பிள்ளைக்குத் தமிழ் வேண்டும் என்ற ஆசைதான் காரணம். ஆனாலும் பெட்டிக்குப் போனால் "இந்த ஊரில் தமிழ் கேட்பவர் இல்லை" என்ற கணக்கை நாமே எழுதிக் கொடுத்தது ஆகும்.

அதற்குப் பதில் கேளுங்கள், எழுதிக் கேளுங்கள். நெட்ஃபிளிக்ஸின் உதவிப் பக்கத்தில் தலைப்பு வேண்டிக் கேட்கும் படிவம் இருக்கிறது. ஒரு தடவைக்கு மூன்று தலைப்பு வரை எழுதலாம். மற்றத் தளங்களில் வாடிக்கையாளர் சேவை அரட்டை வழியாகக் கேட்கலாம். நீளமாகத் திட்டி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். நான் எழுதுவது இவ்வளவுதான்: "நான் சிங்கப்பூரில் இருக்கும் சந்தாதாரர். என் மகனுக்கு வயது 9. இந்தத் தொடரின் தமிழ் ஒலி இந்தியாவில் இருக்கிறது, இங்கே இல்லை. இங்கேயும் சேர்த்தால் தமிழிலேயே பார்ப்போம்." ஆங்கிலத்தில் அனுப்புங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். தமிழ் இந்த நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஒரு வீடு எழுதினால் ஒன்றும் ஆகாது. தோழி அவள் புளோக்கில் ஆறு குடும்பங்களை எழுத வைத்தாள்.

பதில் வரும்வரை? ஆங்கிலத்தில் போட்டு, ஒலியைக் குறைத்து, நீங்களே தமிழில் பேசுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலை இதுதான். மகன் கதாநாயகன், மாமா வில்லன், நான் மற்ற எல்லாரும். முதல் பத்து நிமிடம் சிரித்தே போய்விடும். அப்புறம் பிள்ளை தானாக வாயைப் பார்த்துச் சொல் தேட ஆரம்பிப்பான். "அம்மா, இங்க வாய் மூடுது, 'நான்' வராது, 'மாமா' போடலாமா?" என்று கேட்டானே, அந்தக் கேள்விக்கு எந்தத் துணைப்பாட வகுப்பும் ஈடில்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் வரும் இணைப்புகளையும் சொல்ல வேண்டும். "தமிழ் கார்ட்டூன் எல்லாம் இதில் இருக்கு" என்று ஒரு பெற்றோர் நல்ல மனதோடு டெலிகிராம் இணைப்பைப் போடுவார். எல்லார் முன்னாலும் கண்டிக்காதீர்கள். தனியாக ஒரு செய்தி அனுப்பி, அதே கார்ட்டூன் நேர்வழியில் எங்கே இருக்கிறது என்ற இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் "வேண்டாம்" எங்கேயும் எடுபடுவதில்லை.

பெரியவர்கள் விஷயத்துக்குப் பொறுமை வேண்டும். மாமாவுக்குப் பிரச்சினை ரிமோட். பெட்டியில் ஒரு பொத்தான், நேரே சேனல். தளங்களில் நான்கு அடுக்குத் தாண்டிப் போக வேண்டும். அவர் பார்க்கும் சேனல் இங்கே முறையான கட்டணத் தொலைக்காட்சித் திட்டத்திலேயே இருந்தது, அதை எடுத்தோம். பெட்டிக்கு ஒரு தடவை கொடுத்ததை விடச் செலவுதான், ஒளிக்கவில்லை. அதை ஈடுகட்ட, யாரும் பார்க்காத ஒரு தளத்தின் சந்தாவை நிறுத்தினோம். ரிமோட்டில் அவருக்கு வேண்டிய மூன்று பொத்தான்களுக்கு என் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தேன். இரண்டு வாரம் முணுமுணுத்தார், மூன்றாவது வாரம் பெட்டியை மறந்துவிட்டார்.

கடைசியாகப் பெட்டியை என்ன செய்வது? யாருக்கும் கொடுக்காதீர்கள், பழைய பொருள் விற்கும் காரோசெல் தளத்தில் விற்கவும் வேண்டாம். அதன் அமைப்புக்குள் போய் உங்கள் கூகள் கணக்கை நீக்குங்கள், பிறகு தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள், மெமரி கார்டு செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அதில் பயன்படுத்திய கடவுச்சொல்லை வேறெங்காவது வைத்திருந்தால் மாற்றுங்கள், வீட்டு வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பேரங்காடிகளிலும் சமூக மன்றங்களிலும் இருக்கும் மின்கழிவுத் தொட்டிகளில் பெட்டியைப் போடலாம், ரிமோட்டின் பேட்டரியும் அதற்கான பகுதியில் போகும். எங்கள் பெட்டியை மாமாவே எடுத்துக்கொண்டு வந்தார். தொட்டியின் வாய் சிறியது, நேராகப் போட்டால் சிக்கும். குறுக்காகப் பிடித்துத் தள்ளுங்கள்.